சிஐடியு ஆள் கைச் சின்னத்துக்கு ஓட்டுப் போட்டால் கணக்கு தப்பா?

காரைக்குடி பஸ் டிப்போவில் நீங்கள் எடுத்த சர்வேயில், மார்க்சிஸ்ட் கட்சி சார்ந்த தொழிற்சங்கமான சிஐடியுவின் ஆட்கள் பலர் காங்கிரசுக்கு ஓட்டுப் போட்டதாகச் சொன்னதால் குழம்பியிருக்கிறீர்கள். கணக்கு சரிதான். 2019, 2024 மக்களவைத் தேர்தல் இரண்டிலும், காரைக்குடி அடங்கிய சிவகங்கைத் தொகுதி, மார்க்சிஸ்ட் கட்சியும் இருந்த திமுக கூட்டணியில் காங்கிரசுக்குப் போனது. மார்க்சிஸ்ட் வேட்பாளரே நிற்கவில்லை. கட்சியோடு கூட்டணியையும் குறியுங்கள்.

இன்னொன்று. பிரிட்டனில் 1900இல் தொழிற்சங்கங்களும் சேர்ந்துதான் லேபர் கட்சிக்கு அடித்தளம் போட்டன. இங்கே பெரும்பாலும் தலைகீழ்: கட்சிகள்தான் சங்கம் வைத்தன. தொமுச (தொழிலாளர் முன்னேற்றச் சங்கம்) திமுக வைத்தது, அண்ணா தொழிற்சங்கம் அதிமுக வைத்தது. என் மாமா கண்டக்டர். ஆட்சி மாறினால் அவர் சட்டைப்பையில் சந்தா ரசீதும் மாறும், டிரான்ஸ்ஃபர் பயம். ஓட்டு மட்டும் மாறியதே இல்லை. அதனால் சர்வேயில் தொழிலாளியிடம் எந்தச் சங்கம் என்பதோடு நிறுத்தாமல், அதில் எப்போது சேர்ந்தார், ஊரில் நிலம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.