முதலில் நேசித்தது யார்? சூஃபிகளின் இஷ்க் பற்றிச் சில கேள்விகள்

சூஃபி ஞானத்தில் காதல் என்றால் என்ன என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். இனி பதில்கள்.

கேள்வி: ஐயா, ஹுப்பு, மஹப்பத், இஷ்க் எல்லாம் ஒன்றுதானா?

ஹுப்பும் மஹப்பத்தும் நேசத்தைக் குறிக்கும் அரபுச் சொற்கள், ஒரே வேரில் பிறந்தவை. குர்ஆனில் வருவது அந்த வேர்தான். இஷ்க் என்ற சொல் குர்ஆனில் ஓரிடத்திலும் இல்லை. அதனால் பழைய அறிஞர்கள் பலர் இறைவன் விஷயத்தில் அதைச் சொல்லத் தயங்கினார்கள். இஷ்க் என்றால் வரம்பு கடந்த நேசம். இறைவனை எவ்வளவு நேசித்தாலும் குறைவுதானே, அதில் வரம்பு கடப்பது எப்படி என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் பாரசீகக் கவிஞர்கள் கைக்குப் போன பிறகு இஷ்க்தான் ஜெயித்தது.

அந்தச் சொல்லுக்கு சூஃபிகள் தரும் விளக்கம் அழகானது. அஷகா என்று ஒரு கொடி. மரத்தின் அடியில் முளைத்துச் சுற்றிச் சுற்றி ஏறும். ஆரம்பத்தில் மரத்துக்கு யாரோ பச்சை உடுத்திவிட்ட மாதிரி இருக்கும். அப்புறம் மரத்தின் சொந்த இலைகள் பழுக்கும், ஒவ்வொன்றாக உதிரும், கிளைகள் காயும். கடைசியில் மரத்தின் உருவத்தில் நிற்பது கொடிதான். அந்தக் கொடியிலிருந்துதான் இஷ்க் வந்தது என்பார்கள். நேசிப்பவனின் ‘நான்’தான் அந்த மரம்.

கேள்வி: இறைவனை நேசிக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

தொடக்கம் உங்களிடம் இல்லை என்பார்கள் சூஃபிகள். குர்ஆன் 5:54இல் ‘யுஹிப்புஹும் வ யுஹிப்பூனஹு’ என்று வருகிறது. அவன் அவர்களை நேசிப்பான், அவர்களும் அவனை நேசிப்பார்கள். எது முன்னால் வருகிறது பாருங்கள். அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் இதைச் சொல்கிறார்கள். நம் நேசம் கிணற்றுக்குள்ளிருந்து திரும்பி வரும் குரல் மாதிரி. கூப்பிட்டது மேலே நிற்பவர்.

‘நான் மறைந்த புதையலாக இருந்தேன், அறியப்பட விரும்பினேன், ஆகவே படைத்தேன்’ என்று இறைவன் சொன்னதாக வழங்கும் வாசகத்தையும் இதற்குக் காட்டுவார்கள். ஹதீஸ் எனும் நபிமொழிகளை ஆராயும் அறிஞர்கள் இதற்கு அறிவிப்பாளர் வரிசை, அதாவது யார் யாரிடம் கேட்டுச் சொன்னார்கள் என்ற தொடர், இல்லை என்று தள்ளிவிட்டார்கள். அப்படியிருந்தும் சூஃபிகள் இதை விடவில்லை.

கேள்வி: ராபியா அம்மையார் சொர்க்கத்தைக் கொளுத்தப் போனாராமே?

8ஆம் நூற்றாண்டு பஸ்ரா நகரத்துப் பெண்மணி. ஒரு கையில் தீ, ஒரு கையில் நீர். சொர்க்கத்தைக் கொளுத்தி நரகத்தை அணைக்கப் போகிறேன், ஆசையும் பயமும் இல்லாமல் இறைவனை வணங்குவது யார் என்று பார்க்கலாம் என்றாராம். இது பிற்காலத்தில் எழுதப்பட்ட கதை. எனக்கு அதைவிட அவர் பெயரில் வழங்கும் சிறு பாடல் முக்கியம். பேரறிஞர் கஸ்ஸாலி இமாமும் தம் இஹ்யா என்ற நூலில் அதை எடுத்துப் பேசுகிறார். உன்னை இரண்டு விதமாக நேசிக்கிறேன் என்கிறார் ராபியா: ஒன்று என் ஆசையால், மற்றது நீ அதற்குத் தகுதியானவன் என்பதால். முதலாவது, வேறெதையும் எண்ணாமல் உன்னையே நினைத்திருப்பது. இரண்டாவது, நான் காணும்படி நீ திரையை விலக்குவது. இரண்டாவது நேசத்தில் வேலை செய்வது யார் என்று கவனித்தீர்களா? இரண்டுக்கும் புகழ் எனக்கில்லை, உனக்கே என்று பாடலை முடிக்கிறார்.

கேள்வி: காதல் வந்துவிட்டால் தொழுகை எதற்கு, பாய்?

காதல் வந்தவர்கள்தான் அதிகம் தொழுதார்கள். ராபியா இரவெல்லாம் தொழுதவர் என்றுதான் வரலாறுகள் சொல்கின்றன. இறைவன் சொல்கிறான்: கடமைக்கு மேல் உபரி வணக்கங்களால் அடியான் என்னை நெருங்குகிறான், நான் அவனை நேசிக்கும்வரை. நேசித்துவிட்டால் அவன் கேட்கும் செவியாகவும் காணும் கண்ணாகவும் நான் ஆகிறேன் என்ற இந்த ஹதீஸ் குத்ஸி (இறைவனின் கூற்றாக வரும் நபிமொழி) புகாரியின் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. காதலே வழி, சட்டம் வேண்டாம் என்பவர்கள் இதைப் பாதியில் நிறுத்திப் படிக்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் ‘அனல் ஹக்’ சரிதானா? நானே கடவுள் என்றுதானே அர்த்தம்?

சொல்லுக்குச் சொல் ‘நானே சத்தியம்’ என்று அர்த்தம்; ஹக் இறைவனின் பெயர்களில் ஒன்று. அப்படிச் சொன்னதாகப் பேசப்படும் சூஃபி ஹல்லாஜ் 922இல் பாக்தாதில் கொல்லப்பட்டார். அதில் அரசியலும் கலந்திருந்தது. அந்தச் சொல்லைப் பற்றி சூஃபிகளுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை.

பாரசீகக் கவிஞர் ரூமி தம் மஸ்னவி என்ற காவியத்தில் சொல்லும் கதையைப் பாருங்கள். ஒருவன் நண்பன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். யார்? ‘நான்’. போய்விடு என்று பதில் வருகிறது. ஒரு வருடம் பிரிவில் வெந்துவிட்டு வருகிறான். இம்முறை தட்டும்போதே கை கூசுகிறது. யார்? ‘நீதான்’. சரி, உள்ளே வா, இந்த வீட்டில் இரண்டு ‘நான்’களுக்கு இடமில்லை. தட்டியவன் வீட்டுக்காரனாகிவிட்டானா? இல்லை, தன்னைச் சொல்லிக்கொள்வதை விட்டுவிட்டான். ஃபனா, அதாவது ‘நான்’ கரைந்துபோவது, இதுதான். ஜுனைத் போன்ற சூஃபிகள் அதோடு நிறுத்தாமல் பகாவை வலியுறுத்தினார்கள்: கரைந்தவன் தெளிந்து திரும்பி வந்து மனிதர்கள் நடுவே வாழ வேண்டும். என் ஓட்டு ஜுனைதுக்கே.

கேள்வி: ஆண் பெண் காதலுக்கு இதில் இடமுண்டா?

உண்டு. மஜாஸ்தான் (உருவகமான மனிதக் காதல்) ஹகீகத்துக்கு (உண்மையான இறைக் காதல்) பாலம் என்பது பழமொழி. பாலத்தில் வீடு கட்டக் கூடாது, அவ்வளவுதான். சூஃபி ஞானி இப்னு அரபி மக்காவில் சந்தித்த நிஸாம் என்ற பெண்ணை முன்வைத்துக் கவிதைகள் எழுதினார். இது வெறும் காதல் கவிதை என்று பேச்சு வந்ததும் அவரே உட்கார்ந்து ஞான உரை எழுத வேண்டியதாயிற்று.

கேள்வி: மது, மதுக்கடை, சாகி?

குறியீடுகள். மது நேசம், சாகி அதை ஊற்றித் தருபவர்.

கேள்வி: தமிழில்?

குணங்குடி மஸ்தான் சாகிபின் மனோன்மணிக் கண்ணியைப் படியுங்கள். அங்கே இறைவன் காதலி, பாடுபவர் ஏங்கும் காதலன். இறைவனை நாயகனாகவும் தன்னை நாயகியாகவும் பாடும் நாயகன் நாயகி பாவம் பழகிய காதுக்கு இந்தத் தலைகீழ் மாற்றம் உடனே பிடிபடும்.

கேள்வி: சேர்ந்துவிட்டால் ஏக்கம் தீர்ந்துவிடாதா?

9ஆம் நூற்றாண்டில் யஹ்யா இப்னு முஆத் என்ற சூஃபி, பிஸ்தாமில் இருந்த இன்னொரு சூஃபி பாயஸீதுக்கு எழுதினாராம்: இங்கே ஒருவன் இறைவனின் நேசத்தை ஒரு கிண்ணம் குடித்தான், இனி அவனுக்குத் தாகமே இல்லை. பாயஸீத் பதில் எழுதினார்: இங்கே ஒருவன் வானம் பூமியின் கடல்களையெல்லாம் குடித்துவிட்டான். நாக்கு இன்னும் வெளியே தொங்குகிறது, ‘இன்னும் இருக்கிறதா?’ என்று கேட்கிறான்.