சருகுக்குள் யார்? வாசகர் கேள்வியும் எங்கள் பதிலும்

மழை விட்டதும் கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வரும் கடிதங்களில் பாதி, காலடியில் ஊர்வதைப் பற்றியதாகத்தான் இருக்கும். இந்த இதழுக்கு வந்தவற்றில் கோயில்காடுகளைத் தொட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் பள்ளிச் சூழல் மன்றப் பிள்ளைகளோடு ஊரை ஒட்டிய ஐயனார் காட்டில் பூச்சிக் கணக்கெடுக்க டம்ளர்களைப் புதைத்து வைத்தோம். சிலவற்றில் எறும்பு மட்டும், சிலவற்றில் மழைத்தண்ணீர், ஒன்றில் செத்த தவளை. எங்கே பிசகினோம்?
*ஆசிரியை, நெல்லிக்குப்பம்*

மூன்றும் தனித்தனிப் பிசகு.

எறும்பிலிருந்து ஆரம்பிப்போம். புதிதாகக் கிளறிய மண்ணுக்கு எறும்பும் சிறு வண்டும் உடனே வந்து சேரும். முதல் இரண்டு நாளில் விழுவது காட்டின் கணக்கு அல்ல, நீங்கள் தோண்டியதன் கணக்கு. அதனால் டம்ளரைப் புதைத்ததும் மூடி போட்டு மூன்று நாள் சும்மா விடுங்கள். நான்காம் நாள் மூடியைத் திறந்து 48 மணி நேரம் மட்டும் வையுங்கள். எறும்புப் புற்றிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளிப் புதைக்க வேண்டும்.

வாய் அகலம் 7 முதல் 9 செ.மீ. உள்ள பிளாஸ்டிக் டம்ளர் போதும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு டம்ளர் வைத்துப் புதையுங்கள். உள் டம்ளரை மட்டும் தூக்கிக் கொட்டிவிட்டுத் திரும்ப வைக்கலாம், குழியைக் கிளற வேண்டியதில்லை. விளிம்பு மண் மட்டத்துக்குச் சரியாகவோ ஒரு நூல் கீழேயோ இருக்கட்டும். துளி மேலே நின்றாலும் ஊர்ந்து வரும் பூச்சி அதைச் சுவராக எண்ணிச் சுற்றிப் போய்விடும். பிள்ளைகள் செய்யும்போது பத்தில் எட்டு டம்ளர் இந்த இடத்தில்தான் கெடுகிறது. விரலால் விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். நகம் தட்டக் கூடாது.

உள்ளே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், கரையும் மட்டும் கல்லுப்பு, நாலு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். உப்பு அழுகலைத் தடுக்கும்; சோப்பு நீரின் மேல்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் விழுந்தது மிதந்து தப்பாமல் மூழ்கும். வெல்லம் போடாதீர்கள், ஊர் எறும்பெல்லாம் வரும். பிள்ளைகள் கை படும் வேலையில் ஃபார்மலின் வேண்டவே வேண்டாம்.

மழைக்கு, மூன்று குச்சி நட்டு மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டு, தரையிலிருந்து மூன்று செ.மீ. உயரத்தில். ஆனாலும் ஐப்பசி கார்த்திகையில் எந்தத் தட்டும் நிற்காது; நம் பக்கம் ஆண்டு மழையில் பெரும் பங்கு வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. தை பிறந்து சருகு ஈரமாக இருக்கும்போது ஒரு முறை, ஆடியில் காய்ந்து கிடக்கும்போது ஒரு முறை வையுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. தவளையும் அரணையும் விழாமலிருக்க, ஒன்றரை செ.மீ. கண் உள்ள கம்பி வலைத் துண்டை வாயில் போடுங்கள். மரவட்டை நுழையும், தவளை நுழையாது.

பத்து டம்ளர், ஒன்றுக்கொன்று பத்து மீட்டர் இடைவெளி. காட்டு ஓரத்தில் ஐந்து, உள்ளே ஐந்து. கொட்டியதும் முதலில் கால்களை எண்ணுங்கள். ஆறு என்றால் பெரும்பாலும் பூச்சி, எட்டு என்றால் சிலந்தி, தேள், உண்ணி வகை, பதினான்கு என்றால் தொட்டால் சுருளும் நில இறால்வகை. ஒவ்வொரு கணுவிலும் ஒரு ஜோடி இருந்தால் பூரான், பெரும்பாலான கணுக்களில் இரண்டு ஜோடி இருந்தால் மரவட்டை. உண்ணிக் குஞ்சுக்கு ஆறு கால்தான் இருக்கும் என்பதால் அங்கே மட்டும் ஏமாறுவார்கள்.

இன்னொன்று. இந்தப் பொறி நடமாட்டத்தைத்தான் அளக்கும், எண்ணிக்கையை அல்ல. நாளெல்லாம் ஓடும் ஓநாய்ச்சிலந்தி நிறைய விழும். சருகுக்கடியில் அசையாமல் கிடக்கும் பொய்த்தேள் (தேள் போல் இடுக்கி உண்டு, கொடுக்கு கிடையாது) அபூர்வமாகத்தான் விழும். அதற்குச் சருகையே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மேல்பக்கம் வெட்டிக் கவிழ்த்தால் புனல். அதன் கழுத்தில் அரை செ.மீ. வலை, கீழே ஸ்பிரிட் உள்ள சின்னப் பாட்டில், மேலே இரண்டு கைப்பிடிச் சருகு. புனலுக்கு ஒரு சாண் உயரத்தில் 25 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. பல்பு உதவாது, வேலை செய்வது வெளிச்சத்தை விடச் சூடுதான். சருகு மேலிருந்து காயக் காய உயிர்கள் ஈரம் தேடிக் கீழே இறங்கி விழும். அவசரப்பட்டு 100 வாட் போட்டால் பொடிப்பூச்சிகள் இறங்குவதற்குள் வழியிலேயே வெந்துவிடும். மூன்று முதல் ஐந்து நாள் ஆகட்டும். சொட்டச் சொட்ட நனைந்த சருகையும் போடாதீர்கள். புனல் சுவரில் வேர்த்து, ஸ்பிரிங்டெயில் என்ற துள்ளும் பொடி உயிரெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். இந்த முறை 1905-ல் அன்டோனியோ பெர்லேசே என்ற இத்தாலியர் செய்தது, பல்பு சேர்ந்தது பிறகு. நூறாண்டு கடந்தும் இதை மிஞ்ச மலிவான வழி வரவில்லை.

கோயில்காடு என்றால் ஊராரிடமும் பூசாரியிடமும் கேட்டுவிட்டு இறங்குங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி எழுத்தில் வேண்டும்.

திருவிழாவுக்கு முன் காட்டுச் சருகைக் கூட்டிக் கொளுத்துவது வழக்கம். தேள், பூரான் பயம்தான் காரணம். சருகில் கை வைக்காதீர்கள் என்கிறார்கள் படித்த பிள்ளைகள். ஜனம் கூடும் இடமாயிற்றே?
*கோயில் நிர்வாகி, குறிஞ்சிப்பாடி வட்டம்*

பயம் நியாயம், மருந்துதான் தப்பு. நம் ஊரில் உயிருக்கு ஆபத்தானது செந்தேள். அதற்கு அடர்ந்த சருகை விடக் காய்ந்த கல் அடுக்கும், செங்கல் குவியலும், சுவர்ப் பிளவும்தான் பிடித்த இடம். காட்டைக் கொளுத்திவிட்டு மடைப்பள்ளிப் பின்னால் கிடக்கும் உடைந்த ஓட்டுக் குவியலை விட்டுவைத்தால் தேள் அங்கேயேதான் இருக்கும்.

ஜனம் நடக்கும் பாதையிலும் பொங்கல் வைக்கும் இடத்திலும் மட்டும் இரண்டு பக்கமும் மூன்று மீட்டர் கூட்டுங்கள். கூட்டிய சருகை எரிக்காமல் மரத்தடியிலேயே தள்ளிவிடுங்கள். முதல் நாள் இரவு 395 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்றோடு ஒருவர் சுற்றி வரட்டும். தேளின் ஓடு அந்த வெளிச்சத்தில் பச்சை நீலமாக எரிகிற மாதிரி தெரியும். பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்து இடுக்கியால் எடுத்துவிடலாம். கொட்டிவிட்டால் கீறுவது, கட்டுவது எதுவும் வேண்டாம். குழந்தைக்கு வியர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்து, கைகால் சில்லிட்டால் ஒரு நிமிஷமும் வீட்டில் வைக்காதீர்கள். தேள் கொட்டுக்குத் தரும் பிரசோசின் மாத்திரை உள்ள அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள்.

சருகு ஏன் வேண்டும்? வீரை, காசான், பாலை இவற்றின் தடித்த இலை லேசில் மட்காது. மரவட்டை அதைக் கடித்துத் துண்டாக்கிக் கழிக்கிறது. அந்தக் கழிவில்தான் பூஞ்சையும் பாக்டீரியாவும் சுறுசுறுப்பாக வேலை செய்யும். கரையான் தன் பங்கைப் புற்றுக்குள் கொண்டுபோய், அதன்மேல் பூஞ்சைத் தோட்டம் வளர்த்துத் தின்கிறது. மழைக்குப் பின் புற்றில் முளைக்கிற, நாம் பறித்துக் குழம்பு வைக்கிற காளான் அந்தத் தோட்டத்தின் மேல்மாடிதான். கொளுத்தினால் இந்தச் சங்கிலி அறுவதோடு, சருகு ஈரத்தில் முளைத்து நின்ற வீரைக் கன்றுகளும் போய்விடும். பெரிய மரமெல்லாம் நிற்கும், அடியில் அடுத்த தலைமுறை இருக்காது.

முந்திரித் தோப்பில் இலையைச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு. பிய்த்துப் போடுவதா, விடுவதா?
*விவசாயி, பண்ருட்டி*

விடுங்கள். மாங்காய் என்றால் யோசிக்கலாம், மரம் ஏறிப் பறிக்க வேண்டும். முந்திரிக்கொட்டையைக் கீழே விழுந்ததும்தானே பொறுக்குகிறீர்கள்? கடி உங்களுக்குக் குறைவு, லாபம் அதிகம். துளிரையும் பூங்கொத்தையும் கருக்கும் தேயிலைக் கொசுவை முசுறு விரட்டும், சிக்கினால் தின்னும்.

ஆனால் எல்லாத் தோப்பிலும் முசுறு உதவாது. முக்கியக் கிளைகளில் பாதிக்கு மேல் எறும்புச் சாரி ஓட வேண்டும். குறைவாக இருந்தால் பெரும்பாலும் காரணம் குடிச்சண்டை. பல மரங்களில் பல கூடு இருந்தாலும் ஒரு குடிக்குப் பெரும்பாலும் ராணி ஒன்றுதான். இரண்டு குடிகளின் கிளைகள் உரசினால் பூச்சியை விட்டுவிட்டு ஒன்றையொன்று கொன்றுகொண்டிருக்கும். எல்லை கண்டுபிடிப்பது சுலபம். ஒரு மரத்து முசுறு பத்தை அடுத்த மரத்தில் விடுங்கள். உணர்கொம்பால் தடவிவிட்டுக் கலந்துவிட்டால் ஒரே குடி. சில நிமிஷத்தில் காலைப் பிடித்து இழுத்தால் வேறு குடி. வேறு குடி என்றால் நடுவே உரசும் கிளையை வெட்டுங்கள். ஒரே குடி என்றால் மரத்துக்கு மரம் கயிறு கட்டிப் பாலம் போடுங்கள்.

முசுறு மாவுப்பூச்சியையும் தேன்சொட்டுக்காகக் காக்கும் என்பது உண்மை. மாவுப்பூச்சி அப்பிய கிளையை மட்டும் வெட்டி அகற்றுங்கள், தோப்பு முழுக்க மருந்தடிக்காதீர்கள். கூட்டை நெருங்க வேண்டியிருந்தால் கை, கால் முழுக்க அடுப்புச் சாம்பல் பூசிக்கொள்ளுங்கள், எறும்புக்குப் பிடி வழுக்கும்.

ஒரு முறையாவது கூடு கட்டுவதை நின்று பாருங்கள். ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்கி இலை விளிம்புகளை இழுத்துப் பிடித்திருக்கும். அப்போது இன்னொன்று வாயில் புழு ஒன்றைக் கவ்விவந்து, நெசவுத் தறி ஓடம் மாதிரி இந்த இலையிலும் அந்த இலையிலும் மாற்றி மாற்றித் தொடும். பட்டு நூல் வருவது அந்தப் புழுவின் வாயிலிருந்து. வளர்ந்த எறும்புக்கு நூற்கத் தெரியாது.

மரவகை கூடினால் இலை தின்னும் பூச்சியும் கூடும் என்று, வெப்பமண்டலத்தை ஒட்டிய உபஅயன மண்டலக் காடுகள் பற்றிய ஆய்வில் படித்தேன். நம் காட்டுக்கும் பொருந்துமா?
*முதுகலை மாணவி, புதுச்சேரி*

முதலில் மண்டலம். புதுச்சேரி 12 பாகைக்குச் சற்றுக் கீழே. இந்தியக் காடுகளை வகைப்படுத்திய சாம்பியனும் சேத்தும் 1968-ல் வகுத்தபடி நம்முடையது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. உபஅயன வகைக் காட்டைப் பார்க்க நீலகிரிச் சரிவுக்குப் போக வேண்டும்.

நீங்கள் படித்தது தென்கிழக்குச் சீனாவின் குதியான்ஷான் காட்டு ஆய்வாக இருக்கலாம். அங்கே 30-க்கு 30 மீட்டர் அளவில் 27 ஆய்வு மனைகளில், மரவகை கூடக் கூட இலைச்சேதமும் கூடியது. பயிர் வைப்பவர்கள் எதிர்பார்ப்பதற்கு நேர் எதிர். ஒரே பயிர் என்றால்தான் பூச்சி அதிகம் என்பார்கள். விளக்கம் இதுதான்: அங்கே பல மரம் மேயும் பூச்சிகளின் கை ஓங்கியிருக்கிறது, வகைவகையாக மரம் இருந்தால் அவற்றுக்குக் கலவை உணவு கிடைக்கும். பிறகு ஜியாங்ஸி மாகாணத்தில் 24 வகை வரை கலந்து மரம் நட்டு இதைச் சோதிக்கத் தொடங்கினார்கள்.

அப்படியே இங்கே ஒட்டவைக்காதீர்கள். அங்கே வெயில் காலத்தில் மழை, குளிர் காலத்தில் உறைபனி. நமக்கு நீண்ட வறட்சி, துளிர் வரும் காலமே வேறு. நீங்களே அளக்கலாம்: வகைக்கு ஐந்து மரம், மரத்துக்கு 20 இலை, கண்ணாடிக் காகிதத்தில் கட்டம் போட்டு ஓட்டையை எண்ணுங்கள். ஒரு பள்ளம் உண்டு, பல ஆய்வேடுகள் அதில் விழுந்திருக்கின்றன. முழுதாகத் தின்னப்பட்ட இலை கிளையில் இருக்காதே, அதை எப்படி எண்ணுவது? துளிரிலேயே காம்பில் நிற நூல் கட்டி, மாதம் ஒரு முறை வந்து, காணாமல் போனதையும் கணக்கில் சேர்த்தால்தான் எண் சரிவரும்.

முசுறுச் சாரியில் ஓர் எறும்பு மட்டும் தட்டியதும் நூலில் தொங்குகிறது. அதென்ன?
*வாசகர், பாகூர்*

அது சிலந்தி. கால்களை எண்ணுங்கள், எட்டு இருக்கும். முன்னங்காலைத் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டுவதால் ஆறாகத் தெரிகிறது. ஆண் என்றால் முன்னால் நீண்ட தாடை இருக்கும், ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிப் போவதுபோல. முசுறுக்குப் பயந்து மற்ற வேட்டையாடிகள் தொடாது என்பதுதான் வேஷத்தின் பலன். நெருங்கிப் பாருங்கள், நிஜ முசுறு வந்தால் அதுவே விலகி ஓடும்.

சிவப்பு வெல்வெட் பூச்சி எண்ணெய் மூட்டுவலிக்கு நல்லதா?
*வாசகர், விருத்தாசலம்*

வாங்காதீர்கள். சங்கப் புலவர்கள் ஈயல் மூதாய் என்றது இதைத்தான். ஆண்டில் பெரும்பகுதி மண்ணுக்குள் கிடந்து, முதல் மழைக்குப் பின் சில நாள் மட்டும் ஈசல் தின்ன மேலே வரும் எட்டுக்கால் உண்ணி வகை. அந்தச் சில நாளில்தான் துணையும் தேடுகிறது. சட்டி சட்டியாக அள்ளி எண்ணெயில் போட்டால் அடுத்த மழைக்கு அந்த நிலத்தில் வர ஆள் இருக்காது.