பதினோரு உறுப்பினர்கள் அதிகமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் வாழ்வது எண்ணூறு பேர் மட்டுமே உள்ள ஒரு சிறிய ஊர். எங்கள் உள்ளாட்சி மன்றத்தில் 11 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். எழுபத்து மூன்று பேருக்கு ஒருவர் என்று கணக்கு வருகிறது. நாடாளுமன்றத்தில் ஒருவர் பல லட்சம் பேருக்காகப் பேசும்போது எங்களுக்கு எதற்கு இத்தனை பேர்? கூட்டத்துக்குப் பாதிப் பேர் வருவதில்லை. வருகிறவர்களிலும் மூவர்தான் வாய் திறக்கிறார்கள். எண்ணிக்கையை ஐந்தாகக் குறைக்கக் கோரும் மனு ஒன்று இப்போது வீடு வீடாக வருகிறது. அதில் கையெழுத்திடலாமா?

தங்கள் வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்த மனுவில் கையெழுத்திட வேண்டாம் என்றே சொல்வேன். உறுப்பினர்கள் அதிகம் என்பது ஒரு குறை. இருக்கிற உறுப்பினர்கள் வேலை செய்வதில்லை என்பது வேறொரு குறை. உங்கள் மனு இரண்டாவது நோய்க்கு முதலாவதன் மருந்தைக் கொடுக்கிறது.

எழுபத்து மூன்று பேருக்கு ஒருவர் என்ற கணக்கை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். நாடாளுமன்றங்களின் அளவை ஆராய்ந்த அரசியல் அறிஞர் ரெய்ன் டாகேபெரா, அவை மக்கள்தொகையின் கனமூலத்தை ஒட்டியே அமைகின்றன என்று 1972இல் எழுதினார். அதாவது, மக்கள்தொகை எட்டு மடங்கு பெருகினால் இடங்கள் இரு மடங்குதான் ஆகின்றன. தேசிய அவைகளுக்காகக் கண்டறியப்பட்ட இந்தச் சூத்திரத்தைச் சிற்றூருக்கு விதியாகக் கொள்ள முடியாது என்றாலும், அது காட்டும் போக்கு இங்கும் உண்மையே. ஊர் சிறுக்கச் சிறுக்க, தலைக்கு இத்தனை உறுப்பினர் என்ற கணக்கு மிகையாகத்தான் தெரியும்.

நீங்கள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு வேறு: ஒரு தீர்மானம் நிறைவேறக் குறைந்தது எத்தனை பேர் கை தூக்கினால் போதும்? கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கையை, அதாவது கோரம் என்று வழங்கும் குறைவெண் வரம்பை, பாதிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினொருவர் உள்ள மன்றத்தில் ஆறு பேர் வந்தால் கூட்டம் நடக்கும், நான்கு பேர் ஒப்பினால் தீர்மானம் நிறைவேறும். ஐவர் மன்றத்தில் மூவர் வந்தால் போதும். அந்த மூவரில் இருவர் ஒப்பினால் காரியம் முடிந்தது. எண்ணூறு பேரின் குடிநீரையும் சாலையையும் இருவர் ஒரு திண்ணையில் பேசி முடித்துவிடலாம். நால்வரை இணங்க வைக்க வேண்டுமென்றால், அவர்களில் ஒருவராவது 'ஏன்' என்று கேட்டுவிட வாய்ப்பு இருக்கிறது. ஆனால் கோரத்தை மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துவிட்டால், பதினொருவர் இருந்தாலும் நால்வர் வந்தாலே கூட்டம் நடக்கும், மூன்று வாக்குகளே போதுமானவை ஆகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே மனு எழுதுகிறவர்கள் எண்ணிக்கையைத் தொடுவதற்கு முன் கோரத்தைப் பற்றி எழுதட்டும்.

சிற்றூருக்கே உரிய இன்னொரு சிக்கல் உறவு. பெருநகரத்தில் ஒப்பந்ததாரர் யாரோ ஒருவர். உங்கள் ஊரில் அவர் ஓர் உறுப்பினரின் மைத்துனராகவும் இன்னொருவரின் பக்கத்து நிலத்துக்காரராகவும் இருப்பார். தனக்கு நலன் உள்ள விஷயத்தில் உறுப்பினர் விலகி நிற்க வேண்டும் என்பது பல நாடுகளில் உள்ள விதி. பதினொருவரில் இருவர் விலகினால் ஒன்பது பேர் மிஞ்சுவார்கள். ஐவரில் இருவர் விலகினால் மிஞ்சுவது மூவர். அதில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் கூட்டமே கலைந்துவிடும். இங்கிலாந்தில் பாரிஷ் மன்றங்கள் எனப்படும் சிற்றூர் மன்றங்களுக்கு ஐவரே குறைந்தபட்ச எண்ணிக்கை. மன்றத்தின் அலுவலே தடைபடும் அளவுக்குப் பலர் விலக நேர்ந்தால், அவர்களும் பங்கேற்க விதிவிலக்குத் தரலாம் என்று அங்கே 2011ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். மன்றம் சிறிதாக இருந்தால் அப்படி ஒரு கதவைத் திறந்து வைத்தே ஆக வேண்டும். அந்தக் கதவு வழியாக யார் வருவார்கள் என்பதுதான் என் கவலை.

செலவு மிச்சமாகும் என்ற வாதமும் மனுவில் இருக்கக்கூடும். இத்தாலியில் ஆயிரம் பேர் வரையுள்ள ஊராட்சிகளில், மேயர் நீங்கலாக 12 ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கையைச் சிக்கனத்தின் பெயரால் படிப்படியாகக் குறைத்து 2011இல் 6 ஆக்கினார்கள். 2014இல், மொத்தச் செலவு கூடக் கூடாது என்ற நிபந்தனையோடு, மூவாயிரம் பேர் வரையுள்ள ஊர்களுக்கு அதை 10 ஆக உயர்த்தினார்கள். சிறிய மன்றங்களில் அமர்வுப்படி சொற்பம், பல இடங்களில் அதுவும் கிடையாது. நாற்காலிகளைக் குறைத்து மிச்சம் பிடிக்கும் பணத்தில் ஒரு சிறு பாலத்தைக்கூடக் கட்ட முடியாது.

பேசாத உறுப்பினர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய மன்றத்தின் கூட்டத்தில் பார்வையாளனாக உட்கார்ந்திருந்தேன். குடிநீர்க் குழாய் பதிப்பதற்கான வரைபடத்தை மேசைமேல் விரித்து, தலைவரும் இன்னும் இருவரும் ஏறக்குறைய ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். கதவோரம் அமர்ந்திருந்த ஓர் அம்மையார் எழுந்து வந்து, வரைபடத்தின் மூலையில் விரல் வைத்து, "மழைக்காலத்தில் இந்த இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அடைப்பு வால்வை இங்கே வைத்தால் இறங்கித் திருப்புவது யார்?" என்று கேட்டார். அன்று முழுவதும் அவர் பேசியது அவ்வளவுதான். வால்வின் இடத்தை மேட்டுக்கு மாற்றினார்கள். அவர் வீடு அந்தத் தாழ்வான கோடியில் இருந்தது. ஐவர் மன்றமாக இருந்திருந்தால் அந்தக் கோடிக்கு ஒரு நாற்காலி கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. அந்தக் கூட்டத்தை நினைத்துத்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வராதவர்கள் விஷயம் வேறு. அதில் உங்கள் கோபம் முற்றிலும் நியாயம். இங்கிலாந்தில் மன்றம் ஏற்கும் காரணமின்றித் தொடர்ந்து ஆறு மாதம் வராத உறுப்பினர் பதவியை இழக்கிறார். உங்கள் மன்றத்துக்கு அப்படி ஒரு விதி இருக்கிறதா, இருந்தும் தூங்குகிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் மனு அதைக் கேட்கட்டும்.

எண்ணிக்கையைக் குறைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் போட்டியிட ஆளில்லாமல் இடங்கள் காலியாகக் கிடந்தால், குறைப்பதுதான் நேர்மை. பிரான்ஸில் நூறு பேருக்கும் குறைந்த கம்யூன்களில், அதாவது ஊராட்சிகளில், 9 ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கையை 2014 தேர்தலிலிருந்து 7 ஆக்கினார்கள். ஜப்பானில் நானூறு பேரளவே வாழ்ந்த ஓகாவா கிராமத்தில், ஆறு இடங்களுக்கே ஆள் கிடைக்காதோ என்ற அச்சத்தில், மன்றத்தைக் கலைத்துவிட்டு வாக்காளர் அனைவரும் கூடும் பேரவையை அமைக்கலாமா என்று 2017இல் ஆலோசித்தார்கள். பிறகு அதைக் கைவிட்டார்கள். உங்கள் ஊரில் பதினோரு இடத்துக்கும் போட்டி நடந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. நடக்கவில்லையென்றால் ஒன்பதாக்கலாம், மிஞ்சினால் ஏழு. அதற்குக் கீழே போவதை நான் ஏற்க மாட்டேன். எந்த மாற்றமானாலும் அடுத்த தேர்தலிலிருந்தே நடப்புக்கு வர வேண்டும். இப்போது இருப்பவர்களில் யாரை வெளியேற்றுவது என்ற கேள்விக்கே இடம் தரக் கூடாது.

மனுவோடு வருகிறவர்களிடம் ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். மன்றத்தின் கூட்டக் குறிப்பேட்டில் கடந்த இரண்டு ஆண்டுகளின் பதிவுகளைப் பார்த்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் விலகி நின்றார்கள், எத்தனை வாக்குகளில் தீர்மானம் நிறைவேறியது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கை எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்