பொண்ணுக்கு ஆதிரைன்னு பேரு வைக்கலாமா?

கேள்வி: எங்களுக்கு பொண்ணு பொறந்து முப்பத்தஞ்சு நாள் ஆகுது. நட்சத்திரம் திருவாதிரை, அதனால ஆதிரைன்னே வைக்கலாம்னு நானும் அவரும் முடிவு பண்ணோம். மாமனார் நட்சத்திர எழுத்துல வரலைங்கறார். நாத்தனார், "மணிமேகலைல வர்ற ஆதிரை புருஷன் விட்டுட்டு போனவ, அந்த பேரு எதுக்கு"ங்கறாங்க. நெட்ல பாத்தா எடத்துக்கு ஒரு அர்த்தம் போட்டிருக்கு. இது தமிழ் பேருதானா, இப்ப ரொம்ப காமன் ஆயிடுச்சா, இங்கிலீஷ்ல எப்படி எழுதறது?

பதில்: மொதல்ல அந்த பேரு சைட்ட எல்லாம் மூடி வைங்கம்மா. "ஆதிரைன்னா அழகு, அதிர்ஷ்டம், வலிமை"ன்னு அவங்க போடறது எல்லா பேருக்கும் போடற அதே மூணு வார்த்தை. ஆதிரைங்கறது ஒரு நட்சத்திரம், 27ல ஆறாவது, அவ்வளவுதான் விஷயம். சம்ஸ்கிருதத்துல ஆர்த்ரா, அதுக்கு ஈரம், நனைஞ்சதுன்னு அர்த்தம். ஜூன் 22 வாக்குல சூரியன் இந்த நட்சத்திரத்துக்குள்ள வரும், வடக்க மழை பிடிக்கற நேரமும் அதுதான், அங்க விவசாயிங்க இன்னைக்கும் அந்த கணக்க பாக்கறாங்க.

ஒரு தடவ நேர்லயே பாத்துடுங்களேன். தை மாசம் இருட்டினப்புறம் மொட்டமாடில கெழக்க பாத்து நின்னா மூணு நட்சத்திரம் ஒரே வரிசையா தெரியும், அதுக்கு எடது பக்கமா கொஞ்சம் தள்ளி செவப்பா ஒண்ணு மின்னும், அதுதான் உங்க பொண்ணு. வெள்ளக்காரங்க பீட்டல்ஜூஸ்ங்கறாங்க. நம்ம சூரியன் இருக்கற எடத்துல அத தூக்கி வச்சா செவ்வாய் கிரகத்தையும் தாண்டி நிக்கும், அவ்ளோ பெருசு. 2019 கடைசில திடீர்னு மங்க ஆரம்பிச்சு, வெடிக்கப்போகுதுன்னு உலகமே அண்ணாந்து பாத்துட்டு இருந்துச்சு, கடைசில பாத்தா அதுவே கக்கின தூசி மேகம் அத மறச்சிருக்கு. ஆதிரைன்னு பேரு இருக்கற புள்ளைக்கு ஸ்கூல்ல சொல்றதுக்கு இத விட நல்ல கதை வேணுமா.

தமிழ் பேரான்னு கேட்டா என் பதில் கொஞ்சம் வழவழன்னுதான் இருக்கும். வேர் வடமொழி, உருவம் தமிழ். சீதா சீதை ஆச்சு, கங்கா கங்கை ஆச்சு, அந்த மாதிரி கடைசி ஆ போய் ஐ வந்து, நடுவுல இருந்த ர் உதிர்ந்து ஆர்த்ரா ஆதிரை ஆயிடுச்சு. சம்பந்தர் மயிலாப்பூர்ல பாடின பூம்பாவை பதிகத்துல அந்த ர் உதிராம "ஆர்திரைநாள்"னே இருக்கு, ஆனா அதுக்கும் முன்னாடி கலித்தொகைல சிவன ஆதிரையான்னு சொல்லியாச்சு. ஆயிரத்தைநூறு வருஷத்துக்கு மேல நம்ம வாயில புழங்கின சொல்லு, இதுக்கு மேல தமிழ் இல்லன்னு சொல்றவங்க கிட்ட நான் வாதாட போறதில்ல. பக்கத்துல கேரளாவுல அதே பேருதான் ஆதிர, அங்க திருவாதிரை பண்டிகை பெருசுங்கறதால ரொம்ப காலமாவே பொண்ணுங்களுக்கு வைக்கற பேரு. தமிழ்ல ஆதிரான்னு நீட்டி எழுதறது அங்கேருந்து வந்ததுதான்.

இப்ப நாத்தனார் விஷயம். அவங்க சொல்றது பொய் இல்ல, பாதி கதை. மணிமேகலைல ஆதிரை பிச்சையிட்ட காதைன்னு ஒரு காதையே இருக்கு. அவ புருஷன் சாதுவன் ஒரு கணிகை வீடே கதின்னு கெடந்து, சூதாடி எல்லாத்தையும் தோத்து, அந்த கணிகை வெளிய அனுப்பினதும் வணிகர்ங்களோட கப்பலேறி போயிடறான். கப்பல் ஒடஞ்சுது. தப்பிச்சு வந்தவங்க அவன் செத்திருப்பான்னு புகார்ல, அதான் பூம்புகார்ல, வந்து சொல்ல, ஆதிரை தீ மூட்டி எறங்கறா, தீ சுடல, போட்டிருந்த மாலை கூட வாடல, "தீ கூட என்ன கொல்ல மாட்டேங்குதே, நான் என்ன பாவம் பண்ணேன்"னு அழுறா. அப்பதான் உன் புருஷன் உசுரோட இருக்கான், வந்துடுவான்னு வானத்துலேருந்து குரல் கேக்குது. அவனோ நாகர் மலைல ஒதுங்கி, அவங்க பாஷை தெரிஞ்சதால பொழச்சு, சந்திரதத்தன்னு ஒரு வணிகன் கப்பல்ல ஊர் வந்து சேர்றான். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் நல்லா வாழ்ந்து தானம் பண்றாங்க. நாத்தனார் புத்தகத்த பாதிலயே மூடிட்டாங்க போல.

முக்கியமான எடமே அதுக்கப்புறம்தான் வருது. மணிமேகலை கையில அமுதசுரபி வந்தாச்சு, மொத பிச்சை யார்கிட்ட வாங்கறதுன்னு கேள்வி. அவ்ளோ பெரிய புகார்ல ஆதிரை வீட்டு வாசல்லதான் போய் நிக்கறா. உலகம் பூரா பசிப்பிணி போகட்டும்னு சொல்லி ஆதிரை சோறு போடறா, அப்புறம்தான் அந்த பாத்திரம் அள்ள அள்ள கொறயல. உங்க நாத்தனார் கிட்ட சண்டைக்கு போகாம இந்த எடத்த மட்டும் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல எடுத்து விடுங்க.

மாமனாருக்கு வருவோம். திருவாதிரைக்கு பஞ்சாங்கத்துல போட்டிருக்கற எழுத்து கு, க, ங, ச. ஙல ஒரு பேரு சொல்லுங்கன்னு அவர்கிட்டயே கேளுங்க, "ஙப் போல் வளை"ய தாண்டி ஒண்ணும் கெடைக்காது, ஔவையாரே அதோட நிறுத்திக்கிட்டாங்க. பல வீட்டுல என்ன பண்றாங்கன்னா தொட்டில் போடறப்ப குழந்தை காதுல மூணு தடவ சொல்ற பேரு எழுத்து பாத்து ஒண்ணு, சர்ட்டிபிகேட்டுக்கு இன்னொண்ணு. குமுதான்னோ கயல்னோ காதுல சொல்லிட்டா அவருக்கும் மனசு நெறயும். இன்னொண்ணும் சொல்லி வைங்க, 27 நட்சத்திரத்துல பேருலயே திரு ஒட்டினது ரெண்டே ரெண்டு, சிவனுக்கு திருவாதிரை, பெருமாளுக்கு திருவோணம். ராஜேந்திர சோழன் பொறந்ததும் ஆடி திருவாதிரைதான். பெரியவங்களுக்கு ராஜா கதைன்னா கொஞ்சம் எறங்கி வருவாங்க.

காமனா இல்லயான்னு கேட்டீங்க. அமெரிக்காவுல 1880லேருந்து எந்த வருஷம் எந்த பேரு எத்தன குழந்தைக்கு வச்சாங்கன்னு அரசாங்க கணக்கே இருக்கு. நம்ம ஊர்ல அப்படி வருஷா வருஷம் ரேங்க் போட்டு வெளியிடறதில்ல, அதனால "இந்த வருஷத்தின் டாப் 50 தமிழ் பேரு"ன்னு வர்றதெல்லாம் யாரோ ஏசி ரூம்ல உக்காந்து அடிச்சு விடறது. நான் சொல்ல முடியறது என் அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர வச்சுதான். இருபது வருஷத்துக்கு மேல தமிழ் எடுக்கறேன், ஆரம்பத்துல ஐஸ்வர்யா, பிரியங்கா, ஷாலினி, ஹேமா, ஒரே ஸ், ஷ், ஹ மயம். அவங்க அம்மா பேரு கலைச்செல்வி, தமிழ்ச்செல்வி, கயல்விழின்னு இருக்கும், அது அதுக்கு முந்தின அலை. அப்ப மணிமேகலை, கண்ணகின்னு காப்பியத்து பேரெல்லாம் வச்சவங்க ஆதிரைய ஏனோ தொடல. இப்ப ஒரு பத்து பன்னெண்டு வருஷமா யாழினி, இனியா, நிலா, மகிழினி, ஆதிரைன்னு சின்னதா, தமிழா, வடநாட்டுக்காரனுக்கும் வாயில நுழையற பேரா தேடறாங்க. எதிர்நீச்சல் சீரியல்ல ஆதிரைன்னு ஒரு தங்கச்சி கேரக்டர் வந்ததுக்கப்புறம் பேரு தெரியாத வீடே இல்ல. என் கிளாஸ்ல யாழினி மூணு பேரு இருந்திருக்காங்க, ஆதிரை இது வரைக்கும் ஒரே நேரத்துல ரெண்டு வந்ததில்ல. என்னய கேட்டா அது சரியான அளவுதான், கேட்டா புரியணும், கூப்ட்டா நாலு பேரு திரும்பக்கூடாது.

வைக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள சத்தமா பத்து தடவ கூப்ட்டு பாருங்க. அவசரத்துல கடைசி ஐ நிக்காது, "ஆதிர்ரே"ன்னுதான் வரும், அது பரவால்ல. ஆதின்னு சுருக்கினா பையன் பேரு மாதிரி ஆயிடும், அது உங்களுக்கு ஓகேவான்னு இப்பவே யோசிச்சுக்கோங்க, ஏன்னா சொந்தக்காரங்க கண்டிப்பா சுருக்குவாங்க.

ஸ்பெல்லிங்லதான் பல பேரு கோட்ட விடறாங்க. தமிழுக்கு போடற டீய போட்டு, முன்னாடி ஒரே ஏ வச்சு எழுதினா வடக்க போனா அத்திரைம்பாங்க, ஆத்திரம் மாதிரி காதுல விழும். டெல்லிக்கு போடற டி மட்டும் போட்டு, அதுக்கும் ஒரே ஏன்னா அதிரை ஆயிடும், அது அதிராம்பட்டினத்துக்கு அந்த ஊர்க்காரங்க வச்ச செல்லப்பேரு. ரெண்டு ஏ, டெல்லி டி, ஹெச், ஐ, ஆர், ஏ, ஐ, Aadhirai, இப்படி எழுதுங்க, எட்டே எழுத்து, கூட்டுத்தொகை சரியில்லன்னு கடைசில இன்னொரு ஐ ஒட்ட சொன்னா யார் பேச்சையும் கேக்காதீங்க.

எங்க சொந்தத்துலயே ஒரு புள்ளைக்கு பொறப்பு சர்ட்டிபிகேட்ல தமிழ்ல "அதிரை"ன்னு விழுந்து, யாரும் கவனிக்காம ரெண்டு வருஷம் கழிச்சு ஆதார் எடுக்க போனப்பதான் தெரிஞ்சுது, திருத்தறதுக்கு அவங்கப்பா நாலு தடவ லீவு போட்டார். நம்ம சர்ட்டிபிகேட்ல ரெண்டு பாஷைலயும் பேரு இருக்கும், எல்லாரும் இங்கிலீஷ மட்டும் பாத்துட்டு வந்துடறாங்க. பொறந்து 12 மாசத்துக்குள்ள பேரு சேத்தா கட்டணம் இல்ல, அதுக்கப்புறம் 15 வருஷம் வரைக்கும் தாமத கட்டணம் கட்டி சேக்கலாம், அதனால வீட்டுல பேசி முடிக்க உங்களுக்கு நேரம் இருக்கு. ஆனா 2023 அக்டோபர் 1க்கு அப்புறம் பொறந்த குழந்தைங்களுக்கு ஸ்கூல் அட்மிஷன்லேருந்து பாஸ்போர்ட் வரைக்கும் பொறந்த தேதிக்கு அந்த ஒரு பேப்பர்தான் ஆதாரம், ஸோ கவுண்டர விட்டு நகர்றதுக்கு முன்னாடி மொத எழுத்து ஆவா அவான்னு பாத்துடுங்க.