ஐந்து வயதில் ஆரம்பிக்காவிட்டால் கை படியாதா?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது, யுகேஜி படிக்கிறாள். சுவர், கேலண்டர், அவள் அப்பாவின் கணக்கு நோட்டு என்று கிடைத்த இடத்தில் எல்லாம் கிறுக்குகிறாள். எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்திருக்கும் ஓவியப் பயிற்சி மையத்தில் விசாரித்தேன். ஐந்து வயதில் ஆரம்பித்தால்தான் கை படியும் என்று சொல்லி, ஒரு வருடத்துக்கு 18,000 ரூபாய் முன்பணமாகக் கேட்கிறார்கள். கிரேடு சான்றிதழ், போட்டிகள், மியூசியம் டூர் எல்லாம் அதில் சேர்த்தியாம். போன மாதம் நாங்களே அவளை அரண்மனைக் கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போனோம். கால் மணி நேரத்தில் அழ ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குக் கலையில் ஆர்வமே இல்லையோ என்று பயமாக இருக்கிறது. பணத்தைக் கட்டலாமா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொல்கிறார்கள்.
ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: கட்டாதீர்கள் அம்மா. கணக்கு நோட்டில் கூடக் கிறுக்குகிற பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவள் கலைக்கூடத்தில் அழுததற்குக் காரணம் வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இந்தக் கை படிகிற விஷயம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு மணிக்கட்டு எலும்புகளே இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. அந்தக் கைக்கு வேண்டியது பலம். சப்பாத்தி மாவு பிசைவது, பட்டாணி உரிப்பது, துணி கிளிப்பை அழுத்தித் திறப்பது, காகிதம் கிழிப்பது, இவற்றில் வருகிற பலம்தான் பின்னால் பென்சிலுக்கும் தூரிகைக்கும் உதவுகிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கோட்டுக்கு வெளியே போகாமல் வண்ணம் அடிக்க வைப்பதால் வருவதில்லை.

பிள்ளைகளின் படத்துக்கு ஒரு வளர்ச்சி உண்டு. இரண்டு வயதில் வெறும் கிறுக்கல். மூன்று, நான்கு வயதில் ஒரு வட்டம் போட்டு, அந்தத் தலையிலிருந்தே நேராக இரண்டு காலை இழுத்துவிட்டு 'அம்மா' என்பார்கள். ஐந்து, ஆறு வயதில் தாளின் அடியில் தரை ஒரு கோடு, உச்சியில் வானம் ஒரு நீலப் பட்டை, நடுவே வெறும் வெள்ளை. அந்த இடைவெளியைப் பார்த்துப் பெரியவர்களுக்குக் கை துறுதுறுக்கும், வானத்தைக் கீழே வரை இழுத்து அடி என்று திருத்துவார்கள். பிள்ளையைப் பொறுத்தவரை வானம் மேலே இருக்கிறது, தரை கீழே இருக்கிறது, நாம் நடுவில் இருக்கிறோம். அது தப்பே இல்லை. சில வருடங்களில் அவளாகவே வானத்தைக் கீழே கொண்டுவருவாள்.

சில மையங்கள் காசு பார்ப்பது இந்த இடத்தில்தான். பிள்ளையின் படம் சரியில்லை என்ற பயத்தை உங்கள் மனதில் போட்டுவிட்டால் போதும், மீதி தானாக நடக்கும். கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படித்துவிட்டு முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவன் நான். ஓய்வுக்குப் பிறகும் பெற்றோர்கள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சென்ற வருடம் ஒரு அப்பா தன் ஆறு வயது மகனின் நாற்பது படங்களைக் கொண்டுவந்து காட்டினார். மயில், தாமரை, மலைக்கு நடுவே சூரியன், தாஜ்மகால். ஒரு மயிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். க்ரேயானுக்கு அடியில் பென்சில் கோடு தெரிந்தது. தயக்கமே இல்லாமல், ஒரே அழுத்தத்தில், கழுத்திலிருந்து தோகை வரை ஓடுகிற கோடு. அது பெரிய ஆள் கை. பையன் போட்டது அதற்கு மேலே உள்ள பச்சை மட்டும்தான். அவனிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து உனக்குப் பிடித்ததை வரை என்றேன். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். அப்புறம், "நீங்க வரைஞ்சு கொடுங்க சார், நான் கலர் அடிக்கிறேன்" என்றான். இரண்டு வருடக் கட்டணம் கட்டி அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டது அதுதான். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கிரேடு சான்றிதழ் என்று சொன்னார்கள் அல்லவா, அது எந்த அரசுத் துறை கொடுப்பது என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் ஓவியத்துக்கு அரசுத் தொழில்நுட்பத் தேர்வு ஒன்று இருக்கிறது, தேர்வுத் துறை நடத்துவது. அது வளர்ந்த பிள்ளைகளுக்கானது, யுகேஜிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மையங்கள் தாங்களாகவே அச்சடித்துக் கொடுக்கும் 'லெவல் ஒன்று, லெவல் இரண்டு' தாள்களை வைத்து எங்கேயும் எதுவும் கிடைக்காது. போட்டி என்பதும் அப்படித்தான். நுழைவுக் கட்டணம் வாங்கி, வந்த எல்லோருக்கும் பரிசு கொடுத்து, கோப்பைக்குத் தனியாகப் பணம் கேட்டால் அது போட்டி இல்லை, வியாபாரம். ஆயிரம் பிள்ளைகளை மைதானத்தில் உட்காரவைத்து உலக சாதனை என்பவர்கள் இன்னும் மோசம். பதிவுக் கட்டணம், டி-ஷர்ட், சான்றிதழ், ஃப்ரேம் என்று ஒவ்வொன்றுக்கும் வாங்குவார்கள். பிள்ளை வெயிலில் காய்வதுதான் மிச்சம்.

உங்கள் ஊரில் இன்னொரு பொறி உண்டு, குழந்தைகளுக்கான தஞ்சாவூர் ஓவியக் கிட். அச்சடித்த அவுட்லைன், ஒரு பசை டியூப், மினுமினுப்புத் தாள், நாலு கல். பிள்ளை ஒட்டுவாள், சார் முடித்துக் கொடுப்பார். பலகையில் துணி ஒட்டி, மாவு மெழுகி, மேடு கட்டி, தங்கத் தகடு பதித்துச் செய்கிற வேலை பெரியவர்களுக்கே பல வருடப் பழக்கம். அதை ஐந்து வயதில் கற்றுத்தருகிறேன் என்பது அந்தக் கலைக்கும் மரியாதை இல்லை, பிள்ளைக்கும் நல்லதில்லை.

சரி, இவர்கள் ஏன் இப்படிப் பெருகுகிறார்கள்? பள்ளிக்கூடம் கையை விரித்ததால்தான். 2012-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் எல்லாம் சேர்த்து 16,549 பேரைப் பகுதிநேரச் சிறப்பாசிரியர்களாக எடுத்தார்கள். அப்போது சம்பளம் மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரைநாள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். தனியார் பள்ளியிலோ ஓவியப் பீரியட் அட்டவணையில் மட்டும் இருக்கும். பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஓவிய அறையையே ஒரு வருடம் வினாத்தாள் கட்டு வைக்கும் கிடங்காக்கினார்கள். பாடமாக மதிக்காத ஒன்றைப் பெற்றோர் வெளியே தேடிப்போகிறார்கள், வெளியே இவர்கள் கடை விரித்துக் காத்திருக்கிறார்கள். பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன்.

பெற்றோருக்கு நான் சொல்கிற விதி ஒன்றே ஒன்று. பிள்ளைக்கு நீங்கள் வரைந்து கொடுக்காதீர்கள், பார்த்து வரைய மாதிரிப் படமும் வைக்காதீர்கள். "யானை போட்டுக் கொடும்மா" என்று கேட்டால், யானைக்குக் காது எப்படி இருக்கும், வால் எங்கே இருக்கும் என்று பேசுங்கள். பென்சில் அவள் கையிலேயே இருக்கட்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, கோலம். இதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் நான் மேலே சொன்ன விதியைக் கேட்டுவிட்டு ஒரு பாட்டி பேத்தியை வாசலுக்கே விடாமல் நிறுத்திவிட்டார். கோலம் எதையும் பார்த்து வரைகிற படம் இல்லை. யானையைப் போட்டுக் கொடுத்தால் பிள்ளை தன் கண்ணால் யானையைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறாள். கோலத்தில் அப்படிப் பறிபோக எதுவும் இல்லை. அது பாட்டு மாதிரி. காதால் கேட்டுத் திருப்பிப் பாடுவதுபோல, கண்ணால் பார்த்துத் திருப்பிப் போடுவது. மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி வையுங்கள். நீங்கள் ஒன்று போடுங்கள், பக்கத்திலேயே அவள் ஒன்று போடட்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவை இழையாக விடுவது ஐந்து வயதில் வராது, சாக்பீஸ் கொடுங்கள். புள்ளிகளை இணைக்கிற கோலம் போதும். புள்ளியைச் சுற்றி வளைந்து தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் சிக்குக் கோலம் எட்டு வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். நாலைந்து நாள் உங்களைப் போலவே போடுவாள், அப்புறம் ஒருநாள் ஒரு கோட்டைத் தன் இஷ்டத்துக்குத் திருப்புவாள். அன்றைக்கு மட்டும் திருத்தாமல் இருந்துவிடுங்கள். ஆனால் இந்த விலக்கு சல்லடைத் தட்டில் பொடி தூவுகிற அச்சுக்கோலத்துக்குப் பொருந்தாது, கோலப் புத்தகத்தில் வண்ணம் அடிப்பதற்கும் பொருந்தாது. இன்னொன்று, பையனாக இருந்தாலும் கோலம் போடட்டும்.

இப்போது கலைக்கூடம். அன்றைக்கு எத்தனை சிலை பார்த்தீர்கள்? எல்லாவற்றையும் பார்த்திருப்பீர்கள், அதனால்தான் அழுதாள். மேடையும் கண்ணாடிப் பெட்டியும் பெரியவர் உயரத்துக்கு வைத்தவை, பெயர்ப்பலகை அதைவிட மேலே. நம் அருங்காட்சியகங்களில் பிள்ளை ஏறி நின்று பார்க்க ஒரு முக்காலி போடவே யாருக்கும் தோன்றுவதில்லை. மையத்துக்காரர்கள் சொல்லும் மியூசியம் டூர் என்பது பஸ்ஸில் ஏற்றி ஒரே நாளில் மூன்று இடம், கையில் கோடிட்ட இடத்தை நிரப்பும் தாள், நடுவில் ஏற்பாடு செய்கிற ஆளுக்குக் கமிஷன். அதைவிட நீங்கள் வீட்டிலிருந்து நடந்து போவது நூறு மடங்கு மேல்.

ஒரே ஒரு சிலையைப் பார்க்கப் போங்கள், காலையில், சாப்பிட்டுவிட்டு. அந்தக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் என்ற சிவன் இருக்கிறார். 1011-இல், ராஜராஜன் காலத்தில் வார்த்த செம்பு விக்கிரகம், ஏறக்குறைய மூன்றரை அடி. நேராக அவரிடம் போய் நில்லுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள், அவள் கண் அவர் முகத்துக்கு வரட்டும். ஆண்டு, அரசன் பெயர் எதுவும் சொல்ல வேண்டாம். "தலையில் என்ன கட்டியிருக்கிறார், நல்லாப் பாரு" என்று மட்டும் கேளுங்கள். தலைப்பாகை என்பாள். இன்னும் பாரு என்றால், சடையைச் சுற்றியிருக்கும் பாம்பைக் கண்டுபிடிப்பாள். அப்புறம் கீழே இறக்கிவிட்டு, அவரைப் போலவே நிற்கச் சொல்லுங்கள். ஒரு காலை மற்றதன் குறுக்கே வைத்து, இடுப்பை ஒடித்து, ஒரு கையை மடக்கி அந்தரத்தில் வைக்க வேண்டும். நிற்க முடியாமல் சாய்வாள். அப்போது கேளுங்கள், இவர் மட்டும் எதன்மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார்? அங்கே ஒன்றும் இருக்காது. அந்தக் கை ஒரு மாட்டின்மேல் இருந்தது, மாடு இப்போது இல்லை.

மாட்டைக் காணோம் என்று சொன்ன நிமிடமே பிள்ளை முகம் மாறிவிடும். நான் கூட்டிப்போன பிள்ளைகளில் ஒருத்தி மேடைக்குப் பின்னால் போய்த் தேடினாள். அவ்வளவுதான், வெளியே வந்துவிடுங்கள். இருபது நிமிடம் தாண்டக் கூடாது. மறுவாரம் பெரிய கோயிலுக்குப் போனால் நந்தியைச் சுற்றிவந்து மாட்டின் முதுகு, திமில், மடித்த கால் எப்படி இருக்கிறது என்று பார்க்கட்டும். அப்புறம் வீட்டில் காணாமல் போன மாட்டை அவள் செய்யட்டும்.

அதற்குக் களிமண் போதும். குயவர் வீட்டில் கேட்டால் பிசைந்த மண்ணே கிடைக்கும். பிள்ளையின் இரண்டு கைக்குள் அடங்குகிற உருண்டை, கீழே ஒரு பழைய சாக்கு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர். கால்களைத் தனியாக ஒட்டினால் காய்ந்ததும் விழும், உருண்டையிலிருந்தே கிள்ளி இழுக்கச் சொல்லுங்கள். மாடு நாய் மாதிரி இருந்தாலும் மாடுதான். நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள், வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

தலையாட்டிப் பொம்மை உங்கள் ஊர்ச் சொத்து, அதையும் வீட்டில் செய்யலாம். அடி உருண்டையாக இருக்கும் பாதிக் கொட்டாங்குச்சியில் நாரை நன்றாகத் தேய்த்து எடுத்துவிட்டு, அடியில் ஒரு கைப்பிடி களிமண்ணை அழுத்தி வையுங்கள். மேலே தாளைக் கூம்பாகச் சுருட்டி ஒட்டி, அதில் அவள் முகம் வரையட்டும். தள்ளினால் சாயும், எழுந்துவிடும். எழவில்லை என்றால் மேலே கனம் அதிகம், கூம்பைச் சின்னதாக்குங்கள்.

வண்ணத்துக்கு மஞ்சளைக் கரைத்துத் தாளில் பூசிக் காயவைத்து, சோப்புத் தண்ணீரில் விரலைத் தொட்டு வரைந்தால் கோடு சிவப்பாக வரும். ஆரத்திக்குச் சுண்ணாம்பு சேர்க்கிறோமே, அதே விஷயம்தான், ஆனால் சுண்ணாம்பைப் பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது, கண்ணில் பட்டால் ஆபத்து. பரணில் கிடக்கும் பழைய பெயிண்ட் டப்பாவும் வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. சுவர் அழுக்காகிறது என்றால் அவள் தோள் உயரத்துக்குப் பழைய கேலண்டர் தாள்களைத் திருப்பி ஒட்டிவிடுங்கள்.

வகுப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்வதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் 5 முதல் 16 வயது வரை சேர்க்கிறார்கள், முதலில் அங்கே போய்ப் பாருங்கள். அருங்காட்சியகங்கள் கோடை விடுமுறையில் வகுப்பு வைத்தால் அதற்கும் அனுப்பலாம். எங்கே சேர்த்தாலும் மாதக் கட்டணமாக மட்டும் கட்டுங்கள். சேர்க்கும் முன் பிள்ளைகள் வரைந்து முடித்த நேரத்தில் போய்ச் சுவரைப் பாருங்கள். பத்துப் பிள்ளைக்குப் பத்து விதமான மாடு இருந்தால் சேர்க்கலாம்.

உங்கள் தெரு மையத்துக்காரர் வெள்ளிக்கிழமை போன் செய்தால், ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். பெற்றோரை உள்ளே விடுவதில்லை என்றால் போனை வைத்துவிடுங்கள்.