மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டும்போது வாழைப்பழத் தோலை ஓரமாக வீசலாமா? மக்கிவிடும்தானே?

வீசக் கூடாது என்பதுதான் என் பதில். கேட்டவர் குப்பை போடுகிற ஆள் இல்லை என்பது கேள்வியிலேயே தெரிகிறது. பிஸ்கட் கவரைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார். பழத்தோல், ஆரஞ்சுத் தோல், கடித்துப் போட்ட கொய்யா, இவை மட்டும் மண்ணுக்கு உரம்தானே என்று கேட்கிறார். ஏழெட்டு வருடம் நானும் அப்படி நினைத்துப் போட்டுக்கொண்டிருந்தவன்தான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எனக்கு ஊர் வத்தலக்குண்டு. ஞாயிற்றுக்கிழமை ரைடு என்றால் பெரும்பாலும் பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம், சித்தரேவு தாண்டி ஏற்றம் பிடித்து, பெரும்பாறை, தடியன்குடிசை, தாண்டிக்குடி. கீழ்ப்பழனி மலை. காலும் நேரமும் இருந்தால் பண்ணைக்காடு வழியாகக் கொடைக்கானல் சாலைக்குப் போவோம். இந்தப் பாதையில் சைக்கிள்காரர்களுக்கு மலை வாழைப்பழத்தை மிஞ்சிய சாப்பாடு கிடையாது. விருப்பாச்சிப் பழம், சிறுமலைப் பழம் இரண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போனதும் இந்த விருப்பாச்சிதான். நீர்ச்சத்து குறைவு என்பதால் பைக்குள் கிடந்து குலுங்கினாலும் குழைந்து போகாது. சின்னப் பழம், ரெண்டு வாய்க்குத்தான் வரும். அப்புறம் தோல் கையில் நிற்கும், ஏற்றமும் முன்னால் நிற்கும். கை தானாகவே ஓரமாக வீசிவிடும்.

முதலில் மக்குவதைப் பார்ப்போம். மக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எருக்குழியில் மக்குகிற கணக்கு சாலையோரத்துக்குப் பொருந்தாது. மக்குவதற்கு ஈரம் வேண்டும், சூடு வேண்டும், மண்ணோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். தார்ச்சாலை ஓரத்து ஜல்லியில் விழுந்த தோல் மாசி, பங்குனி வெயிலில் கறுத்துச் சுருண்டு தோல்வார் மாதிரி ஆகிவிடும். உயரம் ஏற ஏறக் குளிரும் சேர்ந்துகொள்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும். வத்தலக்குண்டு வெயிலுக்கும் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானல் குளிருக்கும் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். பத்து டிகிரி குறைந்தால் நுண்ணுயிர்களின் வேலை ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது பொதுவான கணக்கு. கீழே நம் வீட்டுத் தோட்டத்தில் சீக்கிரம் காணாமல் போகிற தோல், மேலே வெகுநாள் அப்படியே கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆரஞ்சுத் தோல் இன்னும் மோசம். அதில் இருக்கும் எண்ணெயே பூஞ்சையையும் பூச்சியையும் தள்ளி வைக்கும். ஸ்டிக்கர் ஒட்டி வெளிநாட்டிலிருந்து வருகிற பழம் என்றால், வழியில் கெடாமல் இருக்க மெழுகும் பூஞ்சைக்கொல்லியும் பூசித்தான் அனுப்புகிறார்கள். அழுகக் கூடாது என்று மருந்து பூசிய தோலை வீசிவிட்டு, சீக்கிரம் அழுகிவிடும் என்று நம்புவது சரியாக வராது.

சரி, இதெல்லாம் ஒரு பக்கம். தோல் ஆறு மாதம் கிடந்தாலும் பெரிய கேடு இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன். என் மனத்தை மாற்றியது வேறு. தோல் மக்கும் வரைக்கும் காத்திருப்பதில்லை. அதற்குள் ஏதோ ஒன்று வந்து தின்றுவிடுகிறது. அப்படித் தின்ன வருகிற உயிர் எங்கே வந்து நிற்கிறது? வண்டி ஓடும் சாலையில்.

பெரும்பாறைக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளைவு. நிழல் உண்டு, உட்காரக் கட்டைச் சுவர் உண்டு, கீழே பள்ளத்தாக்கு தெரியும். எங்கள் குழு வாராவாரம் அங்கேதான் நிற்கும். ஆளுக்கு மூன்று பழம், பத்துப் பன்னிரண்டு பேர். தோல் எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம். ஆரம்பத்தில் அங்கே குரங்கே கிடையாது. பிறகு ஒன்றிரண்டு தென்பட்டது. பிறகு குட்டியோடு ஒரு கூட்டம், நாங்கள் சைக்கிளைச் சாய்ப்பதற்கு முன்பே சுவரில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்களுக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது, படம் எடுத்துக்கொண்டோம். ஒரு நாள் இறக்கத்தில் வந்துகொண்டிருந்த எங்கள் நண்பர் முன்னால், அதே வளைவில், ஒரு குட்டி குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். முன் சக்கரம் வழுக்கியது. காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு திரிந்தார். குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த மாதமே அந்த வளைவுக்குச் சற்று மேலே ஒரு தாய்க்குரங்கு வண்டியில் அடிபட்டுக் கிடந்ததைப் பார்த்தோம். கன்னப்பை இரண்டும் உப்பியிருந்தது. கிடைத்ததைக் கன்னத்தில் அடைத்துக்கொண்டு ஓடுவது அதன் வழக்கம். அன்று ஓடி முடிக்கவில்லை.

அந்தக் கூட்டத்தை அங்கே கொண்டுவந்தது நாங்கள் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். வேனில் வருபவர்கள் பொரி வீசுகிறார்கள், காரில் வருபவர்கள் பிரெட் போடுகிறார்கள். ஆனால் வாராவாரம் அதே நாள், அதே நேரம், அதே இடத்தில் நின்று தோல் போட்டவர்கள் நாங்கள்தான். காரில் போகிறவர் எங்கே வேண்டுமானாலும் ஒரு தோலை வீசிவிட்டுப் போய்விடுவார். சைக்கிள்காரர்கள் அப்படி இல்லை. ஏற்றம் முடிகிற இடம், தண்ணீர் கிடைக்கிற இடம், நிழல் விழுகிற வளைவு என்று எல்லாருக்கும் மூச்சு வாங்குவது ஒரே இடத்தில்தான். அதனால் நம் தோலும் ஒரே இடத்தில் குவிகிறது. ஒரு தோல் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: நாற்பது பேர் போகும் ஒரு ரைடில் ஆளுக்கு மூன்று என்றால் 120 தோல், அதில் பாதிக்கு மேல் நான்கைந்து வளைவுகளில்.

நாம் குரங்கு என்று அலட்சியமாகச் சொல்லிவிடுகிற இந்த நாட்டுக்குரங்கு தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறு எங்கும் இயற்கையாக இல்லை. ஊருக்குள் அதிகமாகத் தெரிவதால் ஏராளமாக இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. உலக அளவில் அது அழிவு அபாயம் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. காட்டில் இலை, பூச்சி, அத்திப்பழம் என்று நாள் முழுக்கத் தேடித் திரிய வேண்டிய பிராணி. சாலையில் உட்கார்ந்தே வயிறு நிறைந்துவிட்டால் அது ஏன் உள்ளே போகப் போகிறது? இதே மலைக்காட்டில் இருக்கும் கறுப்புக் குரங்கான கருமந்தியின் கதை வேறு. அதன் வயிறு மாட்டு வயிறு மாதிரி இலையைப் புளிக்க வைத்துச் செரிக்கிற வயிறு. அதற்கு நம் பழமும் சோறும் பழகவே கூடாது.

மாட்டு வயிறு என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று ஞாபகம் வரும். மாட்டுப் பொங்கலன்று ஆசையாகப் பொங்கச் சோற்றை அள்ளி அள்ளி ஊட்டி, மறுநாள் மாடு வயிறு உப்பிப் படுத்துக்கொள்ள, கால்நடை டாக்டரைத் தேடி ஓடிய அனுபவம் எத்தனை வீட்டில் இருக்கிறது! திடீரென்று நிறைய மாவுச்சத்து போனால் அசை போடும் பிராணியின் வயிற்றில் அமிலம் ஏறிவிடும். பேப்பரில் காட்டெருமை என்று போடுகிறார்களே, அந்தக் காட்டுமாட்டுக்கும் அதே வயிறுதான். கொடைக்கானல் தெருக்களிலேயே அவை நடமாடுகின்றன. பழத்தோலோடு நிற்காமல், மிச்சமான புளிசாதம், எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தை வாழை இலைதானே என்று அப்படியே வைத்துவிட்டுப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். இலை மக்கும். அதில் இருக்கிற உப்பும் எண்ணெயும் ஒரு மைல் தூரத்துக்கு மணக்கும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் யானையும் வருகிற இடம். அந்த மூக்குக்குப் பழுத்த வாழைப்பழ வாசனை என்றால் என்ன என்று தோட்டக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

தோட்டக்காரர்களை நாம் மறந்தே போகிறோம். பெரும்பாறையில் நாங்கள் டீ குடிக்கும் கடையில் ஒரு அக்கா. அவருக்கு ஒரு ஏக்கர் காப்பி, ஊடே மிளகும் கொஞ்சம் வாழையும். நண்பர் விழுந்த கதையை நான் சொன்னபோது அவர் டீ ஆற்றிக்கொண்டே சொன்னார்: “தம்பி, ஒங்களுக்கு ஞாயித்துக்கெழம ஒரு நாளு. மத்த ஆறு நாளும் அது எங்க வீட்டுக்குத்தான வருது. ஓட்டப் பிரிச்சு உள்ள எறங்கி அரிசிப் பானையக் கவுத்துட்டுப் போகுது. தோல இங்க கொண்டாந்து போடுங்க, மாட்டுக்கு ஆகும்.” திட்டுகிற மாதிரி சொல்லவில்லை, சும்மா சொன்னார். எனக்குத்தான் டீ இறங்கவில்லை. நாங்கள் பழக்கிவிட்ட கூட்டம், நாங்கள் இல்லாத நாட்களில் பசியோடு எங்கே போகும் என்று அதுவரை நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை.

'சரி, சாலையோரம் போடவில்லை, காட்டுக்குள் தூரமாக வீசுகிறேன்' என்று சிலர் சொல்வார்கள். கீழ்ப்பழனியில் நீங்கள் காடு என்று நினைத்து வீசுகிற பள்ளம் பாதி இடங்களில் யாரோ ஒருவருடைய காப்பித் தோட்டம். நிழலுக்கு மரம் விட்டிருப்பதால் காடு மாதிரி தெரிகிறது. மீதி இடங்களில் அது உண்மையிலேயே காடு. மேலே, கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. விலங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்கள் என்று வனத்துறை போர்டு வைத்திருப்பது கையில் ஊட்டுவதை மட்டும் சொல்வதற்காக இல்லை.

விதை இன்னொரு விஷயம். மலை வாழையில் விதை இல்லை, அதனால் அது முளைத்துவிடும் என்ற பயம் இல்லை. ஆனால் மலையில் வண்டிக்கடைகளில் வாங்கித் தின்கிற தாட்பூட் பழம் (பேஷன் ஃப்ரூட்), மரத்தக்காளி, கொய்யா எல்லாம் விதை நிறைந்தவை, வெளியிலிருந்து வந்தவை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த, வாழைப்பழ வடிவில் காய்க்கும் தாட்பூட் கொடி ஒன்று நீலகிரிச் சோலைக்காடுகளில் மரத்தின் உச்சி வரை ஏறி, வெளிச்சம் விழாமல் மூடிவிடுகிறது. சோலை மரங்கள் மெதுவாக வளர்கிறவை, அந்தக் கொடியோடு அவற்றால் போட்டி போட முடியாது. நின்ற இடத்தில் துப்பிவிட்டுப் போகிற நாலு விதைக்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்றால், சோலை ஓரத்தில் யோசிக்கத்தான் வேண்டும்.

இனி என்ன செய்வது? கொண்டு வந்ததைக் கொண்டு போவதுதான், அது நினைப்பதைவிடச் சுலபம். வாழைப்பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு தோல். முழுப் பழமாக அதைத் தூக்கி மேலே வந்த கால், வெறும் தோலைத் தூக்கி இறங்குவதற்கு அலுத்துக்கொள்ளாது. நான் சைக்கிளில் இரண்டாவது பாட்டில் மாட்டும் இடத்தில், வாய் அகலமான பழைய பாட்டில் ஒன்றை மூடியோடு வைத்திருக்கிறேன். தோலைச் சுருட்டி உள்ளே தள்ளி மூடிவிட்டால் ஈ மொய்க்காது, ஜெர்சியில் கறை படாது. வாழைக்கறை துணியில் பட்டால் போகாது என்பது தெரியும்தானே. ஹேண்டில்பார் பை வைத்திருக்கிற நண்பர் ஒருவர் சின்ன மஞ்சப்பை ஒன்றை உள்ளே மடித்து வைத்திருக்கிறார், வீட்டுக்கு வந்ததும் துவைத்துவிடுகிறார். கறை பட்டுப் பட்டு அது ஏற்கெனவே பழுப்பு நிறமாகிவிட்ட பை.

மிச்சமே விழாத சாப்பாடும் நிறைய இருக்கிறது. கடலை மிட்டாய், எள்ளுருண்டை, கொட்டை எடுத்த பேரீச்சம்பழம். ஆரஞ்சு வேண்டும் என்றால் வீட்டிலேயே உரித்து டப்பாவில் போட்டுக்கொள்ளலாம். வாழைப்பழத்தை மட்டும் நான் விட மாட்டேன். அதை டீக்கடையில் நின்று சாப்பிட்டால் தோலுக்கு அங்கேயே வழி இருக்கிறது. ஆனால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். மாடு வைத்திருக்கிறவர் வாங்கிக்கொள்வார், எருக்குழி இருக்கிறவர் இடத்தைக் காட்டுவார். இரண்டும் இல்லாத கடையில் அவர் தலையில் கட்டிவிட்டு வருவதும் வீசுவதும் ஒன்றுதான்.

நீங்கள் குழுவோடு போகிறவர் என்றால், கிளம்பும்போதே, பழத்தைப் பங்கு பிரிக்கும் இடத்திலேயே, தோலை எதில் போடுவது என்று பேசிவிடுங்கள். ஏற்றத்தில் மூச்சிரைக்க நிற்பவரிடம் போய் அதை எடு, இதை எடு என்றால் எவருக்கும் கோபம்தான் வரும். நாங்கள் அந்தப் பெரும்பாறை வளைவில் நிற்பதையே நிறுத்திவிட்டோம். கால் கெஞ்சினாலும் இழுத்துப் பிடித்து டீக்கடை வரை போய்த்தான் பழம். ஒன்றரை வருடம் ஆகிறது. போன மழைக்காலத்துக்குப் பிறகு அந்தச் சுவரில் கூட்டமாகக் குரங்கு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவில்லை. எப்போதாவது ஒன்றிரண்டு சாலையைக் கடக்கும், எங்களைத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். அக்கா வீட்டு ஓட்டுக்கு மட்டும் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறதாம், முன்னைவிடக் குறைவாக.