உள்ளூர் ஆய்விதழ்களுக்கு எந்த உதவி உண்மையில் பயன்படும்?

"வளரும் நாடுகளில் வெளிவரும் உள்ளூர் ஆய்விதழ்களை ஆதரிக்க என்ன செய்யலாம்? நிதியுதவி போதுமா, அல்லது தரப் பட்டியல்களில் இடம்பெறச் செய்தால் போதுமா?" என்பது கேள்வி. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் (ஆந்திரத்துச் சித்தூரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) கல்லூரி ஆசிரியராக இருந்துகொண்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் கட்டுரைகளை வெளியிடும் ஓர் அரையாண்டு ஆய்விதழின் பதிப்புக் குழுவிலும் பணியாற்றுபவன் என்ற முறையில் விடை சொல்கிறேன். நிதி வேண்டும்தான். ஆனால் அது அச்சுச் செலவுக்கும் வெளியீட்டு விழாவுக்கும் போகாமல், ஒரு கட்டுரை வந்து சேர்ந்த நாள்முதல் வெளியாகும் நாள்வரை அதன் பின்னாலேயே அலைகின்ற ஒரு மனிதரின் மாதச் சம்பளமாகப் போக வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத இதழை எந்தப் பட்டியலும் காப்பாற்றி நான் பார்த்ததில்லை.

உள்ளூர் இதழ் எதற்கு, நல்ல கட்டுரையாக இருந்தால் வெளிநாட்டு இதழுக்கே அனுப்பலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் வட்டத்தின் வேளாண்மை, தமிழ்நாடும் கேரளமும் ஆற்றுநீரைப் பகிர்ந்துகொள்ளும் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தை நம்பி நடக்கிறது. 1970 மே மாதத்தில் கையெழுத்தாகி, 1958 நவம்பர் முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்ட அந்த ஒப்பந்தத்தின்படி, எல்லையோரத்து மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் சித்தூர்ப் பாசனத்துக்கு வந்து சேர வேண்டும். அந்தத் தண்ணீர் எந்த மாதத்தில் வருகிறது, மூலத்தறையிலிருந்து பிரியும் கால்வாய்களில் எது கடைமடையை எட்டாமலே நின்றுவிடுகிறது, எந்தப் பாடசேகரத்தில் (வயல்தொகுதியில்) நெல்லைக் கைவிட்டுத் தென்னை வைத்தார்கள் என்று ஒருவர் களத்தில் இறங்கி ஆராய்ந்து எழுதினால், அதற்கு வாசகர்கள் பாடசேகர சமிதிக்காரர்களும், நீர்ப்பாசனத் துறைப் பொறியாளர்களும், எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனைமலை உழவர்களும்தான். அயல்நாட்டுப் பதிப்பாசிரியர் அக்கட்டுரையைத் திருப்பி அனுப்பினால் அவரைக் குறை சொல்ல இயலாது. அவருடைய வாசகர்களுக்கு மணக்கடவு எங்கே இருந்தால் என்ன? இங்கே வெளிவராத அக்கட்டுரை வேறெங்கும் வெளிவரப் போவதில்லை. வெளிவராத ஒன்றை அடுத்து ஆராய வருபவர் மேற்கோள் காட்டவும் வழியில்லை.

அத்தகைய ஒரு கட்டுரை எங்கள் கைக்கு வந்தபின் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்வது நல்லது, ஏனெனில் உதவி செய்ய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை. முதலில் எழுத்துருவைப் பார்க்க வேண்டும். யூனிகோடு வந்து இவ்வளவு காலம் ஆன பிறகும், தட்டச்சு மையங்களில் கொடுத்து அடித்த கட்டுரைகள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில்தான் பல நேரங்களில் வருகின்றன. மாற்றியில் போட்டு எடுத்தால் உரைநடை ஓரளவு தேறிவிடும்; ஆனால் 'கொழிஞ்சாம்பாறை' என்ற ஊர்ப்பெயரில் ஒற்றைக்கொம்பு தனியே கழன்று முன்னால் நிற்கும், அட்டவணையில் ஒரு பத்தி முழுவதும் கேள்விக்குறிகளாக மாறியிருக்கும், அடிக்குறிப்பு எண்கள் உரையோடு ஒட்டிக்கொண்டு 1970 என்பது 19703 ஆகிவிடும். இதை ஒருவர் மூலப்படியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்காமல் பழைய எழுத்துருவிலேயே பிடிஎஃப் ஆக்கி ஏற்றிவிட்டால், கண்ணுக்கு அழகாகத் தெரியும் அக்கட்டுரை தேடுபொறிகளுக்குப் பொருளற்ற குறிகளின் தொகுப்பாகத்தான் தெரியும். கூகுள் ஸ்காலரில் தேடினால் கிடைக்காது. தமிழ் ஆய்விதழ்களில் வந்தவற்றில் எவ்வளவோ இப்படிப் புதைந்து கிடக்கின்றன.

அடுத்தது மதிப்பாய்வு. நான் சொன்ன கட்டுரையை மதிப்பிடத் தமிழும் தெரிந்திருக்க வேண்டும், அலுவலகப் பதிவேடுகளின் மலையாளமும் தெரிந்திருக்க வேண்டும், பாசனமும் தெரிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரையே எல்லா இதழ்களும் நாடுகின்றன, போதாக்குறைக்கு அவர்கள் கல்லூரியின் நாக் (கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு வழங்கும் தேசிய அமைப்பு) கோப்புகளிலும் மூழ்கிக் கிடக்கிறார்கள். மின்னஞ்சலுக்கு விடை வராது. தொலைபேசியில் அழைத்தால், "அடுத்த வாரம் கண்டிப்பா அனுப்பிடறேன் சார்" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அடுத்த வாரமும் இதே போன்ற வாரமாகத்தான் வருகிறது. இரண்டு மதிப்பாய்வுகளும் வந்து, ஒன்று ஏற்கலாம் என்றும் மற்றது கூடாது என்றும் சொன்னால் மூன்றாமவரைத் தேட வேண்டும். பிறகு ஆங்கிலச் சுருக்கம், கட்டுரையாளர் பெயரின் ரோமன் எழுத்துக்கூட்டல் (ஒரே ஆய்வாளர் மூன்று இதழ்களில் மூன்று விதமாக எழுதப்பட்டு, தரவுத்தளங்களில் மூன்று ஆட்களாக உலவுவதை நான் அறிவேன்), துணைநூல் பட்டியல், மெய்ப்பு, டி.ஓ.ஐ. எண் (இணையத்தில் ஒரு கட்டுரையை நிலையாக அடையாளம் காட்டும் எண்), இணையத்தில் ஏற்றுதல். இவற்றில் புலமை தேவைப்படும் பகுதி கொஞ்சம்தான். பெரும்பகுதி விடாமல் பின்தொடர்கிற வேலை. இதை வாரம் 16 மணி நேரம் வகுப்பெடுக்கும் ஓர் உதவிப் பேராசிரியர், சம்பளமும் இல்லாமல், பணி உயர்வுக் கணக்கிலும் பெரிதாக மதிக்கப்படாமல் செய்துகொண்டிருக்கிறார். ஜனவரி இதழ் ஆகஸ்டில் வருவதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை.

இவ்வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் நம்மிடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. உலகத்தின் பெரிய பதிப்பகங்கள் தங்கள் அறிவியல் இதழ்களுக்கான பக்க வடிவமைப்பையும் மெய்ப்புத் திருத்தத்தையும் சென்னையிலும் புதுச்சேரியிலும் திருவனந்தபுரத்திலும் உள்ள நிறுவனங்களிடம்தான் வெகுகாலமாகக் கொடுத்து வாங்குகின்றன. கணிதச் சமன்பாடுகளை அச்சிடப் பயன்படும் டெக் மென்பொருளின் பயனர்கள் கூடும் பன்னாட்டு மாநாடு 2002 இல் திருவனந்தபுரத்திலேயே நடந்தது. ஆம்ஸ்டர்டாம் பெயரில் வரும் இதழின் பக்கத்தை நம் பக்கத்து வீட்டுப் பிள்ளை கட்டிக் கொடுக்கிறார். நம் கல்லூரி இதழின் பக்கம் கோணலாக நிற்கிறது. திறமைக்கு ஊதியம் தர அங்கே ஆள் இருக்கிறது, இங்கே இல்லை.

பட்டியல்களைப் பொறுத்தவரை, நம் நாட்டு அனுபவமே போதிய பாடம். பல்கலைக்கழக மானியக் குழு 2010 ஆம் ஆண்டு விதிமுறைகளில் ஆசிரியர்களின் பணி உயர்வுக்கு ஆய்வுக்கட்டுரை எண்ணிக்கைக்குப் புள்ளிகள் வகுத்தபோது, கட்டுரைக்கு ஒரு சந்தை உருவாயிற்று. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடும் இதழ்கள் முளைத்தன. பின்னர் அக்குழுவே ஏற்ற இதழ்களின் பட்டியலை வெளியிட்டு, 2018 மே மாதத்தில் அதிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. 2019 இல் அதற்குப் பதிலாக அக்குழுவின் கேர் (CARE) என்னும் புதிய தரப் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டு, இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கல்வி நிறுவனங்களிடமே விடப்பட்டது. பட்டியலில் இடம்பெற்ற இதழ்களின் பெயரிலேயே போலி இணையதளங்கள் தொடங்கிப் பணம் பறித்த கூத்தும் இடையில் நடந்தது. இத்தனை ஆண்டுகளில் பட்டியலில் சேர்வதற்காக விண்ணப்பம் நிரப்பிய உழைப்பை மதிப்பாய்வில் செலவிட்டிருந்தால், சில நல்ல இதழ்கள் தலைநிமிர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

வெளிநாடுகளில் பலன் தந்த முயற்சிகள் வேறு வகையானவை. பிரேசிலில் 1997 இல் தொடங்கிய சயேலோ திட்டத்துக்குச் சாவோ பாவ்லோ மாநிலத்தின் ஆராய்ச்சி நிதி அமைப்பு பணம் தந்தது. உள்நாட்டு இதழ்களைப் போர்த்துக்கீசிய, ஸ்பானிய மொழிகளிலேயே முழுமையாகவும் இலவசமாகவும் இணையத்தில் வெளியிட்டு, குறித்த காலத்தில் வருகின்றனவா, மதிப்பாய்வு முறையாக நடக்கிறதா என்றும் அத்திட்டம் கண்காணித்தது. பின்னர் லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவும் தென்னாப்பிரிக்காவும் அதே முறையைப் பின்பற்றின. ஆப்பிரிக்க இதழ்களுக்கென 1998 இல் பிரிட்டனிலுள்ள இனாஸ்ப் என்னும் அமைப்பு ஒரு பொதுத் தளத்தைத் தொடங்கி, 2005 இல் அதைத் தென்னாப்பிரிக்க நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. அத்தளம் இன்றும் இயங்குகிறது. வங்கதேசம், நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளுக்கும் இதே போன்ற தளங்கள் 2007, 2008 ஆண்டுகளில் அவ்வமைப்பின் துணையால் கிடைத்தன. 2017 இல் வந்த அவர்களுடைய தரமதிப்பீட்டு முறையில் எனக்குப் பிடித்த அம்சம், இதழை உள்ளே, வெளியே என்று பிரித்துத் தள்ளாமல், நட்சத்திரம் கொடுத்து, அடுத்த நட்சத்திரத்துக்கு எது குறைகிறது என்று எழுதிக் கொடுப்பதாகும்.

இந்தியாவிலோ 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒப்புதலாயிற்று. 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்கள் படிக்கலாம். எங்கள் மாணவர்களுக்கு இது பெரிய வரம் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அது பிறர் வெளியிடுவதைப் படிப்பதற்கான பணம். நாம் வெளியிடுவதற்கு அதில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 60 கோடி, ஒதுக்கியிருந்தால்கூட எத்தனையோ மாநில மொழி இதழ்களுக்கு ஆள் வைத்துவிடலாம்.

நம் எல்லைப் பகுதியிலேயே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. நாகர்கோவில் வடசேரியில் பிறந்த வ. அய். சுப்பிரமணியம் கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பேராசிரியராக இருந்தபோது, 1971 இல் திராவிட மொழியியல் கழகம் திருவனந்தபுரத்தில் தோன்றியது. மறு ஆண்டே அதன் ஆங்கில ஆய்விதழ் வரத் தொடங்கியது. 2009 இல் அவர் மறைந்த பின்னும் இதழ் நிற்கவில்லை, ஏனெனில் அதற்குப் பின்னால் ஒரு கழகம் இருந்தது. இதற்கு நேர்மாறாக, பாளையங்கோட்டையிலிருந்து நா. வானமாமலை 1969 முதல் நடத்திய 'ஆராய்ச்சி' இதழ் நாட்டார் வழக்காற்றியலுக்கு ஒரு தலைமுறை ஆய்வாளர்களையே உருவாக்கித் தந்தது. ஆயினும் 1980 இல் அவர் காலமானபின் நெடுநாள் நீடிக்கவில்லை. தரத்தில் அது எந்த இதழுக்கும் இளைத்ததன்று. தனி மனிதரின் தோள் அவ்வளவு காலந்தான் தாங்கும்.

ஆகவே யாரேனும் எங்கள் பகுதி இதழ்களுக்கு உதவ முன்வந்தால், பாலக்காட்டிலும் கோவையிலுமாக நாலைந்து இதழ்கள் சேர்ந்து ஒரு பதிப்பு மேலாளரை நியமிப்பதற்கான சம்பளத்தை ஐந்து ஆண்டுகளுக்கு உறுதி செய்யுங்கள் என்றே கேட்பேன். ஓராண்டு நிதி வேண்டாம். ஆளைத் தேடிப் பழக்குவதற்குள் அந்த ஆண்டு முடிந்துவிடும். மென்பொருளுக்குச் செலவில்லை: கனடாவில் உருவான ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்தும் இதழ்களின் படிகளைக் காத்து வைக்கும் ஏற்பாடும் அதன் அமைப்பாளர்களிடம் உண்டு. இதழை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணையும் புதுதில்லியில் உள்ள தேசிய மையம் கட்டணமின்றி வழங்குகிறது. டி.ஓ.ஐ. எண்ணுக்கு மட்டும் ஆண்டுக் கட்டணம் டாலரில் கட்ட வேண்டும். வங்கதேசம், நேபாளம் போன்ற நாடுகளுக்கு 2023 முதல் விலக்கு உண்டு, இந்தியாவுக்கு இல்லை. பல இதழ்கள் ஒரே உறுப்பினராகச் சேர்ந்தால் அச்செலவும் தாங்கக் கூடியதாகிவிடும். சர்வரைக் கல்லூரியின் பொது இணையதளத்தோடு ஒட்டவைக்காதீர்கள் என்று மட்டும் எச்சரிக்கிறேன்; முதல்வர் மாறியதும் தளத்தின் வடிவமைப்பாளரும் மாறி, பழைய இதழ்களின் இணைப்புகள் அனைத்தும் ஒரே இரவில் செத்துப்போவது இப்பக்கங்களில் புதிதன்று.

கட்டுரையாளரிடம் கட்டணம் வாங்கி நடத்தலாமே என்று சிலர் சொல்வர். அதை நான் ஏற்பதில்லை. கட்டுரையை ஏற்றால் வருமானம், மறுத்தால் நட்டம் என்று ஆனபின் எந்தப் பதிப்பாசிரியருக்கும் மறுக்கக் கை வராது. எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்றினால் மேற்கோள் கூடும் என்ற யோசனையிலும் பாதிதான் உண்மை. சுருக்கமும் துணைநூல் பட்டியலும் ஆங்கிலத்திலும் இருந்தால் தேடி வருபவருக்கு அது போதும், உள்ளே உள்ள கட்டுரையை அதன் வாசகர் மொழியிலேயே விட்டுவிடலாம்.

பணம் தர இயலாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. கல்லூரி நிர்வாகத்தில் இருப்பவர், இதழ் நடத்தும் ஆசிரியருக்கு வாரத்தில் இரண்டு வகுப்புகளைக் குறைத்து அதை எழுத்து மூலமாகத் தரலாம். வெளிநாட்டில் ஆய்வாளராக இருக்கும் தமிழர், தம் துறையில் ஆண்டுக்கு இரண்டு தமிழ்க் கட்டுரைகளை மதிப்பாய்வு செய்து, மூன்று வாரத்துக்குள் திருப்பித் தருவதாகப் பதிப்பாசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். மூன்று வாரம் என்பதை மட்டும் தயவுசெய்து காப்பாற்ற வேண்டும்.